ஓடாத லேத்தில் முதல் பாடம்

கடைசல் பழக வரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதலில் கேட்பது பம்பரம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடைந்த மாடிப்படிக் கம்புகளும் தொட்டில் கால்களும் கண்ணுக்குப் பழகியவை, ஆசை நியாயமானதுதான். பம்பரத்துக்கு முன்னால் ஒரு வெறும் உருளை வரவேண்டும். அதற்கும் முன்னால், பிளக்கைப் பிடுங்கிப் போட்ட லேத்தில், அதாவது கட்டையைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில், அரை மணி நேரம்.

ஒருவர் கட்டையைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் குழி உளியைப் பிடிக்கட்டும். மரம் மேலிருந்து நம்மை நோக்கி இறங்கி வரும். உளி முதலில், அதைத் தாங்கக் கட்டைக்கு முன்னால் இருக்கும் தாங்கு பட்டையில் படியவேண்டும். அடுத்து, தீட்டிய சரிவின் அடிப்பகுதி மரத்தில் வெறுமனே உரசவேண்டும். அதன்பிறகே கைப்பிடியை மெல்ல உயர்த்தி, கூர் மரத்தைத் தொட விடவேண்டும். சுருள் எழும் அந்த இடத்தைக் கை கண்டுகொள்ளும். இன்னும் உயர்த்தினால் சுருள் நின்று தூள்தான் வரும். சரிவு உரசாமல் கூர் முதலில் பட்டாலோ, பட்டையில் படியாத உளி மரத்தைத் தொட்டாலோ, ஓடும் லேத்தில் உளி கடித்துக்கொள்ளும். கட்டை பிளக்கலாம், கையும் நசுங்கலாம்.

பழைய பர்மா தேக்குத் துண்டுகள் இங்கே சுலபமாகக் கிடைப்பதால் அதையே கொடுக்கத் தோன்றும். வேண்டாம். உள்ளே முறிந்த ஆணி இருக்கும். தேக்கில் உள்ள சிலிக்கா கூரைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய உளியை அழுத்திப் பிடிக்கப் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு. பூவரசு நல்லது. 50 மி.மீ. சதுரம், 250 மி.மீ. நீளம் போதும். இரு முனையிலும் மூலைவிட்டம் கிழித்து மையம் குறித்து, நான்கு மூலைகளையும் இழைப்புளியால் சீவி எண்கோணமாக்கிக் கொடுங்கள். கட்டையைப் பிடித்துச் சுழற்றும் முள் முனையைக் கட்டையில் பதிக்கும்போது லேத்தை விட்டு வெளியே வைத்துக் கொட்டாப்புளியால் தட்டவேண்டும். லேத்திலேயே தட்டினால் பேரிங் கெடும்.

லேத்தின் மையம் முழங்கை உயரத்துக்கு வரவேண்டும். குள்ளமான பிள்ளைக்கு உறுதியான பலகை மேடை போடுங்கள். கோயில் கயிறு, துப்பட்டா, கையுறை எதுவும் கூடாது. கயிற்றை அவிழ்க்கத் தயங்குவார்கள். வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முகக் கவசம் கட்டாயம்.

தொடக்க வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று. உருண்டை ஆனபின் 1,200 வரை போகலாம். பலரும் மறப்பது தாங்கு பட்டையைத்தான். கட்டை இளைக்க இளைக்கப் பட்டைக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளி வளரும்: 5 மி.மீ.யில் தொடங்கியது, 40 மி.மீ. உருளை ஆகும்போது 12 ஆகியிருக்கும். லேத்தை நிறுத்திப் பட்டையை நகர்த்தவேண்டும். உப்புத்தாள் பிடிக்கும்போது பட்டையையே எடுத்துவிடவேண்டும். தாளை விரலில் சுற்றவே கூடாது.

விட்டம் அளக்கும் காலிப்பரில் ஒரே அளவாக மூன்று உருளை வந்தால் பம்பரம் கொடுக்கலாம். ஆணி முனை, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் வால் பக்கத்துச் சுழல் முனை இருக்கும் பக்கம் வரட்டும். சுழல் முனை பதிந்த குழியே சரியான மையம். அதில் ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டபின் ஆணியை இறக்குங்கள். துளையில்லாமல் அடித்தால் முனை பிளக்கும். மையம் விலகினால் பம்பரம் குதிக்கும்.