ஆணி அடிக்காமல் ஒரு வீடு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே ஓனரம்மா மூன்று விஷயம் சொன்னார். வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், மொட்டை மாடிக் கொடியில் செவ்வாயும் வெள்ளியும் அவர் துணி காயப்போடுவார், மற்ற நாள் எங்களுக்கு, அப்புறம் "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதம்மா, போன தடவ இருந்தவங்க சல்லடையாக்கிட்டுப் போயிட்டாங்க." முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டிவிட்டேன். மூன்றாவதுக்கும் ஆட்டினேன், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, காலண்டரை எங்கே மாட்டுவது?

சிரிக்காதீர்கள். நாள் கிழிக்கிற காலண்டர், சாமி படம், முகம் பார்க்கிற கண்ணாடி, சாவி, சமையலறையில் தட்டு ஸ்டாண்டு என்று நம் வீட்டில் பாதிப் பொருள் ஆணியை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. இதற்கு முன்பு இருந்த வீட்டில் அந்த நம்பிக்கைக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள், சுவரைத் தடவித் தடவி ஓட்டைகளை எண்ணி. பதினொன்று. காலி செய்கிற அன்று குட்டியானை வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவர்கள் ஓட்டை எண்ணுகிறார்கள்.

அந்த வீடு ரெயின்போ நகரில், தரைத்தளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, காலையில் எழுந்து பார்த்தால் ஹாலில் முழங்கால் தண்ணீர். மாதத் தவணையில் வாங்கிய துணி அலமாரி ஒன்று இருந்தது. கடையில் மரம் என்றுதான் சொன்னார்கள், உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இரண்டு நாள் தண்ணீரில் நின்றதும் டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊதி, தொட்டால் உதிர்ந்தது. தவணை மட்டும் உதிரவில்லை, இன்னும் ஏழு மாதம் இருந்தது. பாட்டியின் பழைய வேப்பமரப் பெஞ்சும் எவர்சில்வர் ரேக்கும் கழுவித் துடைத்ததும் பழையபடி நின்றன.

அதனால் இந்த வீட்டுக்கு வரும்போது நானும் என் கணவரும் பேசி முடிவு செய்துகொண்டோம். எந்தப் பொருளாக இருந்தாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எதிலாவது தொங்க வேண்டும், இல்லையென்றால் தன் காலிலேயே நிற்க வேண்டும், அந்தக் கால் நனைந்தாலும் கவலை இருக்கக் கூடாது. குட்டியானையில் ஒரே நடையில் ஏறாததை வாங்குவதில்லை என்பது அவர் சேர்த்தது. இப்போது இருப்பது இரண்டாவது மாடிதான், தண்ணீர் ஏறாது. ஆனால் அடுத்த வீடு எந்த மாடி என்று யாருக்குத் தெரியும்?

முதலில் புத்தக அலமாரி. பன்னிரண்டு ஹாலோ பிளாக், மூன்று பலகை, அவ்வளவுதான். பதினாறு அங்குல நீளம், எட்டுக்கு எட்டு அகல உயரம் உள்ள அந்த சிமென்ட் கல்லைக் கட்டட வேலை நடக்கிற எந்தத் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் அடிக்காமல் அப்படியே விட்டால்தான் அழகு என்பது என் கட்சி. தரையில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, இரண்டு ஓரத்திலும் இவ்விரண்டு கல்லை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, மேலே பலகை, அதன் மேல் மறுபடி கல். இரண்டு கல் உயரம் பதினாறு அங்குலம், பெரிய அட்லஸ்கூட நின்றபடி நுழையும். பலகை பழைய மரக்கடையில் எடுத்தது, யாரோ இடித்த வீட்டின் கதவுச் சட்டம், ஒரு பக்கம் இன்னும் பச்சை பெயின்ட். அறுத்துக் கொடுக்கிற கூலி தனி.

இதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆறடிப் பலகை கேட்டு வாங்கினோம், நடுவில் தாங்கல் இல்லாமல். புத்தகத்தின் கனத்தில் ஒரே மாதத்தில் தொட்டில் மாதிரி குழைந்துவிட்டது. மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு கல் வைத்தே ஆக வேண்டும், பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. லேசாக வளைந்த பலகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்துப் போட்டால் நேராகிவிடுகிறது. இன்னொன்று, கல்லை எதுவும் பிணைக்கவில்லை என்பதால் மூன்று தட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏறி விளையாடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு தட்டோடு நிறுத்திவிடுங்கள், அது உட்காருகிற திண்ணையாகவும் ஆகும்.

அடுத்து ஜன்னல் கம்பி. வாடகை வீட்டில் நமக்கென்று ஆண்டவன் கொடுத்த ஆணி அதுதான். சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு டஜன் எஸ் கொக்கி மாட்டினேன், கரண்டி, ஜல்லிக் கரண்டி, வடிகட்டி, இடுக்கி எல்லாம் அதில் ஏறிவிட்டன, தட்டு ஸ்டாண்டைக்கூட பிளாஸ்டிக் டேக் போட்டுக் கம்பியோடு கட்டிவிட்டேன். காற்று நன்றாக வருவதால் பாத்திரம் சீக்கிரம் காய்கிறது. கொக்கி மட்டும் நல்ல எவர்சில்வராக வாங்குங்கள். சோலை நகர் கடற்கரை எங்களுக்கு நடக்கிற தூரம், உப்புக் காற்றில் நிக்கல் பூச்சுக் கொக்கி ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்து, சுவரில் பழுப்பாக ஒழுகும். அந்தக் கறைக்கு ஆணி ஓட்டையே மேல்.

ஹாலில் விட்டத்தில் ஊஞ்சல் கொக்கி இரண்டு இருந்தன. ஊஞ்சல் வாங்க வசதியில்லை, இடமும் இல்லை. பாட்டி வீட்டில் தயிர்ப்பானை தொங்கிய உறி ஞாபகம் வந்தது. பருத்திக் கயிற்றில் நானே பின்னினேன், முதல் இரண்டும் கோணல். ஒன்றில் வில்லியனூர் சுடுமண் சட்டி வைத்து மணி பிளான்ட், மற்றதில் மூங்கில் கூடையில் வெங்காயம், பூண்டு. எலியும் எறும்பும் எட்டாத உயரம், காற்றோட்டமும் உண்டு. ஆன்லைனில் இதே உறிக்கு வெளிநாட்டுப் பெயர் வைத்து எழுநூறு எண்ணூறு கேட்கிறார்கள், எனக்குக் கயிறு மட்டும் நூற்றைம்பது ஆனது.

திரைச்சீலை விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. நம் ஜன்னல் நான்கு அடி உயரம். மடிப்புத் தையல் போக ஒரு புடவையில் நான்கு துண்டு தாராளமாக வரும், அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய நூல் புடவையாகப் பார்த்துத் தெரு முனை டெய்லரிடம் கொடுத்தேன், கரை இரண்டு ஓரமும் அப்படியே நிற்க வெட்டச் சொன்னேன், கரைதான் அதற்கு அழகே. கம்பிச் சுருள் போட்டு ஜன்னல் சட்டத்திலேயே ஏற்கெனவே இருந்த பழைய திருகில் மாட்டியாயிற்று. கதவுக்குத்தான் பிடிக்க எதுவும் இல்லை. இரண்டு பக்கச் சுவரையும் தானே அழுத்திக்கொண்டு நிற்கிற ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது, திருகு தேவையில்லை, லேசான துணிக்குப் போதும். ஈரத் துண்டைக் காயப்போட்டால் நடுராத்திரி தலையில் விழும். விழுந்திருக்கிறது.

வெறும் முந்நூறு ரூபாயில் வீட்டையே மாற்றிக் காட்டியது பல்புதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாடகை வீடுகளில் எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, பல் டாக்டர் அறை மாதிரி. ஹாலில் மட்டும் 3000 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி., ஒன்பது வாட், இரண்டு மாட்டினோம். விரிசல், பழைய பெயின்ட் திட்டு, ஓனரம்மா தேர்ந்தெடுத்த ரோஸ் நிறம் எல்லாம் மங்கி நல்ல பிள்ளையாகிவிட்டன. சமையலறையிலும் பிள்ளை படிக்கிற மேஜையிலும் வெள்ளையையே விட்டுவிட்டோம், அரிசியில் கல் பொறுக்க மஞ்சள் வெளிச்சம் ஆகாது. காலி செய்யும்போது பழைய பல்பை மாட்டிவிட்டு நம்முடையதை எடுத்துக்கொண்டு போகலாம், அதனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒட்டுகிற கொக்கிகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். டைல்ஸ், கண்ணாடி, பளபளப்பான மரக்கதவு, இந்த மூன்றிலும் நன்றாக நிற்கும். டிஸ்டெம்பர் சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும் நிற்காது, கொக்கி பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும், பெயின்ட்தான் சுவரை விட்டுவிடும். ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். எடுக்கும்போது ஹேர் டிரையரில் சூடு காட்டி, பின்பக்கம் தையல் நூலை விட்டு அறுத்தால் சேதாரம் இல்லை, டைல்ஸில் மிச்சமிருக்கிற பிசினுக்குத் தேங்காய் எண்ணெய். காலண்டர் இப்போது ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் காந்தத்தில் தொங்குகிறது. சாமி படங்கள் பாட்டியின் பெஞ்சு மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அத்தைக்கு அது பிடிக்கவில்லை, "சாமிய கீழ வெக்கறதாம்மா" என்றார். அடியில் மணை போட்டு உயர்த்தியதும் சமாதானமானார்.

இந்த ஊரில் பொருள் வைக்க இடம் பிடிப்பது பாதி வேலைதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வைத்த பொருள் பூசணம் பூக்காமல் பார்த்துக்கொள்வது மீதி. வெளிச்சுவரை ஒட்டி பீரோ போடாதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடியில் செங்கல். உள்ளே பழைய காலுறையில் அடுப்புக்கரி கட்டிப் போடுகிறேன், ஈரத்தை இழுக்கிறது, மாதம் ஒருமுறை வெயிலில் காட்டி மறுபடி அதே கரியைப் போடலாம். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும், வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்து உருண்டை ஜரிகையைக் கறுக்க வைக்கும் என்று அம்மா விடமாட்டார், வசம்புத் துண்டுதான். சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டில்களை விட்டால் வேறு கதியில்லை, பருப்புக்குள் நான்கு காய்ந்த மிளகாய், மூடி இறுக்கம். பார்க்கவும் வரிசையாக ஒரே உயரம்.

வாங்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் வாங்குங்கள். மெத்தை உறை, பிளாஸ்டிக் கூடை, எவர்சில்வர் சாமான், பாய் எல்லாம் தரையில் விரித்திருக்கும். சாயங்காலம் கூட்டம் நெரியும், காலையில் போனால் பொருளைத் திருப்பிப் பார்த்து வாங்க நேரம் கிடைக்கும். பழைய பிரெஞ்சு நாற்காலி என்று விற்கிற கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது சுற்றுலா வருகிறவர்களுக்கான விலை. சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றினால் சர்தார் படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறது, பூவிதழ் பதித்த பெரிய தாள்கள் கிடைக்கும். ஒன்றிரண்டை வாங்கிப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு, ஹாலோ பிளாக் அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அதுவும் லேசாகச் சுருளும். பரவாயில்லை.

தீராத பிரச்சினை ஒன்று உண்டு, சீர்ப் பாத்திரம். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த அண்டா, இரண்டு குத்துவிளக்கு, ஆறு தேக்சா, எதற்கென்றே தெரியாத ஒரு பித்தளைத் தவலை. பரணில் இடமில்லை, கடலூருக்குத் திருப்பி அனுப்பினால் மனஸ்தாபம். தேக்சாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உள்ளே கம்பளியும் ஸ்வெட்டரும் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தவலையில் குடைகள் நிற்கின்றன. அண்டா படுக்கையறை மூலையில் அழுக்குத் துணிக்கூடையாக இருக்கிறது, மேலே பழைய பாவாடைத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன், பார்த்தால் முக்காலி மாதிரி தெரியும். அம்மா போன மாதம் பஸ் ஏறி வந்தவர், அதன் மேலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது கேட்டார், "ஆமா, நான் குடுத்த அண்டாவ எங்கடி வெச்சிருக்க?"