இனுஜிமாவின் கருப்புச் செங்கல்

வெயிலில் நடந்து வந்த முகத்தில் ஜில்லென்று காற்று பட்டது. ஏசி எங்கே என்று தேடினேன். இல்லவே இல்லை.

ஜப்பானின் இனுஜிமா தீவு. 1909-இல் தொடங்கிய தாமிர உருக்காலை, செம்பு விலை சரிந்ததும் பத்தே வருடத்தில் மூடப்பட்டது. அந்த இடிபாடுகளுக்குள்தான் 2008 முதல் கலைக்கூடம்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தாமிரக் கசடை வார்த்துச் செய்த கருப்புச் செங்கல், கண்ணாடிபோல ஒரு மினுமினுப்பு.

வெளிக்காற்று மண்ணுக்கடியில் நீளும் பாதையில் குளிர்ந்து வருகிறது. பழைய புகைபோக்கி அதை மேலே இழுத்துக்கொள்கிறது. அன்று புகை கக்கிய அதே புகைபோக்கி! கட்டடக்கலைஞர் ஹிரோஷி சம்புயிச்சியின் யோசனை.

பழைய கட்டடத்தைக் காப்பது என்றால் பெயின்ட் அடித்து வேலி போடுவது என்றே பழகிவிட்டோம். இவர்கள் அதற்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம், இங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்வதுகூடச் செடிகள்தான்.