மட்டக்களப்புப் படுவான்கரைக் குளத்தில் மீன்பேன்

ஜூன் 2

காலையில் போட்ட தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கரையோரம் அப்படியே மிதந்தன. கை நீட்டியதும் மொய்க்கிற ரோகு மீன்கள் கிட்ட வரவேயில்லை. நடுவில் ஊன்றிய கம்புகளில் உடம்பை உரசுகின்றன, புரள்கின்றன, இடைக்கிடை ஒன்று துள்ளி விழுகிறது. கச்சான் எனும் வறண்ட காற்று தொடங்கியதிலிருந்து நீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. நீர் வற்றிச் சூடேறினால் மீன்கள் நெருங்கும். ஒட்டுண்ணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அதுவே போதும்.

அத்தாங்கு எனும் கைவலையால் ஒரு மீனைக் கோலி எடுத்தேன். வால் துடுப்பின் அடியில் உளுந்தளவில் தட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. நிறமே இல்லாததால் செதில் என்றுதான் எண்ணத் தோன்றும். நகம் பட்டதும் நகர்ந்தது. வெள்ளைப் பீங்கானில் நீர் விட்டு அதில் போட்டேன்: இரண்டு கறுப்புக் கண்கள், அடிப்புறத்தில் வட்டமாக இரண்டு உறிஞ்சிகள், சுழன்று சுழன்று நீந்துகிறது. மீன்பேன்தான், விஞ்ஞானப் பெயர் ஆர்குலஸ். குத்திய இடமெல்லாம் செம்புள்ளி.

நங்கூரப் புழுவையும் இதையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நங்கூரப் புழு தலையைத் தசைக்குள் புதைத்துக்கொண்டு நூல்போல வெளியே தொங்கும், இடம் மாறாது. உப்பு நீரில் முக்கினாலும் அது அசையாது, இடுக்கியால் பிடுங்கத்தான் வேண்டும். மீன்பேன் ஓடித் திரியும். எது என்று தெரியாமல் மருந்து தேடுவது வீண் செலவு.

ஜூன் 3

கட்லா மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்து நிற்கின்றன. பேன் மட்டும் என்றால் இப்படி நிற்காது. செவுளில் வேறு ஏதோ இருக்கிறது.

ஒரு மீனை உயிரோடு பையில் நீர் விட்டுக் கட்டி, ஊர்ப் பாடசாலைக்குக் கொண்டு போனேன். செத்த மீனைக் கொண்டு போய்ப் பயனில்லை. மீன் செத்ததும் ஒட்டுண்ணிகள் கழன்றுவிடும். விஞ்ஞான ஆசிரியை ஆய்வுகூடத்தைத் திறந்து தந்தார். செவுள் நுனியில் சிறு துணுக்கு, அதன்மேல் ஒரு துளி குளத்து நீர், நுணுக்குக்காட்டியில் நூறு மடங்கு.

வட்டமான உயிரிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் பல் பல்லாக ஒரு வளையம், கடிகாரத்தின் உள்ளே ஓடும் சக்கரம் போல. அவை டிரைகோடினா எனும் ஒற்றைக்கல ஒட்டுண்ணிகள். ஓரத்தில் நான்கு கண்புள்ளிகளோடு ஒரு செவுள் தட்டைப்புழு நீண்டும் சுருங்கியும் ஊர்ந்தது. ஆசிரியை பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாகப் பார்க்க வைத்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வயலும் குளமும் உள்ள ஊரில் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்.

ஜூன் 4

பக்கத்துக் குளத்துப் பெரியப்பா வந்தார். "மகள், வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தில் ஒரு மூடி ஊற்று. ஒரே இரவில் பேன் இருக்காது."

"பெரியப்பா, பேன் சாகும், சரி. அந்த மீனை நாளைக்கு நம்முடைய பிள்ளைகள்தானே தின்பார்கள்?"

அவர் பேசாமல் வெற்றிலையை மடித்தார். நாம் உண்ணும் மீன் உள்ள நீரில் வயல் மருந்தை ஊற்ற நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இறாலும் நண்டும் தவளையும் சேர்ந்து சாகும், வாய்க்கால் வழியே அடுத்தவர் குளத்துக்கும் போகும்.

ஜூன் 5

பேனை உப்பு நீரால் கழற்றக் கணக்குப் பார்த்தேன். குளம் 15 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1 மீற்றர். 150 கன மீற்றர் நீர். குளம் முழுவதையும் 0.3 சதவீத உப்பு நீராக்க 450 கிலோ வேண்டும். காசு ஒருபுறம் இருக்க, அந்த நீரைப் பிறகு வயலுக்கு விடவும் முடியாது. ஆகவே மீனைத் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் வழி: 50 லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு.

மாலையில் ஐந்து மீன்களை மட்டும் முக்கிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் பேன்கள் பிடியை விட்டு அடியில் விழுந்தன. மீன் சரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த மீனையும் விடக்கூடாது. இரவு முழுவதும் கூண்டு வலையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 6

ஐந்தும் நலம். வெயில் ஏறுமுன் வலை இழுத்து எல்லாவற்றையும் முக்கினோம். மச்சான்மார் இருவர் வலையில், நான் தொட்டியில். தொட்டி நீரைக் குளத்தில் கொட்டவிடவில்லை, கழன்ற பேன் உயிரோடு இருக்கலாம். தூரத்து மணலில் ஊற்றச் சொன்னேன்.

ஜூன் 8

செவுளில் கண்ட ஒட்டுண்ணிகளுக்காக இன்று பொட்டாசியம் பெர்மாங்கனேற்று மருந்து. லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளத்துக்கு 300 கிராம். முதலில் வாளி நீரில் சோதித்தேன்: இளஞ்சிவப்பு சில மணி நேரம் நிற்க வேண்டும். உடனே பழுப்பாகிவிட்டால் சேறும் பாசியும் மருந்தைத் தின்றுவிட்டன என்று பொருள். இளஞ்சிவப்பு மறையாமல் இருந்தது. கரைசலைக் கரை சுற்றிப் பரவலாகத் தெளித்தோம். பாசி செத்தால் ஒட்சிசன் குறையும் என்பதால் இரவு பம்பை ஓடவிட்டு நீரைத் தூவுகிறோம்.

ஜூன் 13

தீனி தின்கின்றன. கண்ணகி அம்மன் சடங்கு முடிந்து ஊரில் மீன் கேட்கிறார்கள். காயம் ஆறும்வரை விற்பதில்லை.

ஜூன் 16

மீனில் பேன் இல்லை என்று விட்டுவிட முடியாது. பெண் பேன் மீனை விட்டிறங்கிக் கம்பிலும் கல்லிலும்தான் முட்டையிடும். இந்த வெப்பத்தில் இரண்டு கிழமைக்குள் பொரித்துவிடும். அதனால் நீருக்குள் பலகைத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக முட்டைகள், பசைபோல மூடிய நீளப் பட்டைகள். புதியவை வெளிர் மஞ்சள், பழையவை பழுப்பு. பலகைகளை வெயிலில் காயப்போட்டு, மாற்றுப் பலகைகள் கட்டினேன். பழைய கம்புகளையும் பிடுங்கி எறிந்தாயிற்று.

ஜூன் 21

இரண்டாம் முறை முக்கினோம். பொரித்த குஞ்சுப் பேன்கள் சில விழுந்தன. முதல் முறையோடு நிறுத்தியிருந்தால் இவையே ஆடியில் குளத்தை நிறைத்திருக்கும்.

ஜூலை 5

பலகைகளில் முட்டை இல்லை. ரோகுவின் செம்புள்ளிகள் மறைந்து புதுச் செதில் வந்திருக்கிறது. கட்லா இன்னும் மெலிவு.

ஆவணியில் மீனை இறக்கியதும் குளத்தை வற்ற வைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு போட வேண்டும். வாய்க்கால் வாயில் நெருக்கமான வலை கட்ட வேண்டும், காட்டுமீனோடு பேன் வருவது அந்த வழியால்தான். இங்கினியாகலை மீன்குஞ்சு நிலையத்திலிருந்து குஞ்சு எடுத்து வந்தாலும், வேறு எங்கிருந்து எடுத்தாலும் முதலில் தனித் தொட்டிதான்.

பெரியப்பாவின் குளத்திலும் மீன்கள் உரசத் தொடங்கிவிட்டன. நாளை அங்கே வலை இழுக்கிறோம். எங்கள் வலை இரண்டு நாள் வெயிலில் காய்ந்து தயாராக இருக்கிறது. அவர் ஒரு மூடை உப்பு வாங்கி வைத்திருக்கிறார்.