எழும்பாத ஐந்தாவது கோடு

தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், புளியரை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு என்கிற தூரத்தில், பதினேழு வருஷமாக லேப் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் டிபி வேலைதான். எங்கள் பக்கம் "சளி கொண்டு வாங்க" என்று சொன்னால் பாதிப் பேர் கப்பில் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள், ஏனென்றால் மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டை கட்டுவதும் சளி. ஒரு பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார், "கோழைன்னு கேளுங்க தம்பி, நெஞ்சுக்கோழை" என்று. அன்றிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கபம் என்பார்கள். மேற்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அந்தச் சொல்லோடு வருவார்கள்.

இங்கே தெருவுக்கு நாலு பேராவது புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று ஹோட்டலிலோ கட்டட வேலையிலோ ரப்பர் தோட்டத்திலோ இருப்பார்கள். செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, அதனால் போக்குவரத்து புதுசும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் சொந்த ஊருக்கு வந்துவிடுவார்கள்.

மைக்ராஸ்கோப் மட்டும் இருந்த காலத்தில் என் வேலை எண்ணுவது. ஒரு ஸ்லைடில் நூறு ஃபீல்டு பார்க்க வேண்டும், நீலத்துக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் குச்சி தெரிந்தால் பாசிட்டிவ். மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் அதில் ஒரே குச்சிதான். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். அப்புறம் சிபிநாட் மெஷின் வந்தது. ஒரு பங்கு கோழைக்கு இரண்டு பங்கு ரீஏஜென்ட் ஊற்றி, குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, 2 மில்லி எடுத்து கார்ட்ரிட்ஜில் விட்டு உள்ளே தள்ளினால், டிபி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பதில் வந்துவிடும்.

இரண்டாவது பதில் எப்படி வருகிறது என்று தேடிப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் நான் விழுந்தேன். டிபி கிருமியின் மரபணுத் தொகுப்பு ஏ, டி, சி, ஜி என்கிற நாலு எழுத்திலேயே எழுதிய மொத்தம் 44 லட்சம் எழுத்து, 1998-ல் அதை முழுசாக வாசித்துவிட்டார்கள். மருந்து கேட்குமா என்பதற்கு மெஷின் அதில் ஆர்பிஓ-பி என்கிற ஜீனில் வெறும் 81 எழுத்தைத்தான் பார்க்கிறது. அதை ஐந்து துண்டாக்கி, துண்டுக்கு ஒரு புரோப். தன் துண்டு அச்சு அசலாக இருந்தால்தான் புரோப் ஒட்டிக்கொண்டு ஒளிரும், திரையில் அதன் கோடு எழும்பும். ஐந்து கோடும் எழும்பினால் மருந்து கேட்கும். ஒன்று மட்டும் தரையோடு கிடந்தால் அந்தத் துண்டில் எழுத்து மாறியிருக்கிறது. பெரும்பாலும் கிடப்பது ஐந்தாவது, இ என்கிற கோடு. டிசிஜி இருக்க வேண்டிய இடத்தில் டிடிஜி. அந்த ஒரு எழுத்து போதும், ரிஃபாம்பிசினுக்குக் கிருமியைப் பிடிக்கப் பிடி கிடைக்காது.

2018-ல் ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர், நாற்பத்தைந்து வயசு இருக்கும், விரல் நுனியெல்லாம் பீடித்தூளின் மஞ்சள். நல்ல கெட்டிக் கோழை கொண்டுவந்திருந்தார். நாலு கோடு எழும்பியது, ஐந்தாவது அசையவில்லை.

ரிசல்ட் வாங்க வந்தவரிடம் கேட்டேன், "முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டுப் பாதியில விட்டீங்களாக்கா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மேற்க எங்கயாவது வைத்தியம் பாத்தீங்களா?"

"நான் புளியரைய தாண்டுனதே கெடையாது சார்."

மூன்றாவது தடவையும் கேட்டேன், வரிசையில் நின்ற ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. "எம் பிள்ள மேல சத்தியமா ஒரு மாத்திர தின்னதில்ல சார்" என்று சொல்லி அவர் அழுதுவிட்டார். அப்படியும் நான் நம்பவில்லை. படிவத்தில் முன்பு சிகிச்சை எடுத்தவரா என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். அந்தக் கேள்விக்குறி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

நான் கற்றுக்கொண்ட பாடம் அப்படி. மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் யாரோ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதில் பாதி உண்மை உண்டு. கிருமி பெருகும்போது தானாகவே எழுத்துப் பிழை விழும். ஐசோநியாசிடு என்கிற இன்னொரு டிபி மருந்துக்கு அடங்காத ஒன்று ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்றாகவும், ரிஃபாம்பிசினுக்கு அடங்காத ஒன்று பத்துக் கோடியில் ஒன்றாகவும் மருந்து வாயில் போடுவதற்கு முன்பே அங்கே இருக்கும். நுரையீரலில் பொத்தல் விழுந்த ஆளுக்குள் கோடிக்கணக்கில் கிருமி கிடக்கிறது. ஒரே மருந்தைக் கொடுத்தாலோ பாதியில் விட்டாலோ மற்றதெல்லாம் செத்து அந்த ஒன்று மட்டும் தழைக்கும். நாலு மருந்து சேர்த்துக் கொடுப்பதே அதற்காகத்தான். ஆனால் அப்படித் தழைத்த கிருமி அந்த ஆளோடு நின்றுவிடுமா? அவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேருவதே அந்தக் கிருமிதான். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் தென் ஆப்பிரிக்காவின் டுகேலா ஃபெரி என்கிற ஊரைப் பற்றிக் கேட்டேன். ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத டிபி, 53 பேர், அதில் 52 பேர் இறந்துபோனார்கள். 2006-ல் அந்த அறிக்கை வந்தது. அதில் என்னை உலுக்கியது சாவுக்கணக்கு மட்டும் இல்லை, அவர்களில் பாதிக்கு மேல் பேர் அதற்கு முன்பு டிபி மருந்தே சாப்பிட்டதில்லை. 2015-ல் அந்தப் பகுதிக் கிருமிகளின் மரபணுவை முழுசாக வாசித்துக் கால வரிசைப்படுத்தியபோது, அந்த வம்சத்தில் ஐசோநியாசிடுக்கு எதிரான முதல் எழுத்து மாற்றம் 1957 வாக்கிலேயே விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. செத்தவர்களில் பலர் பிறக்கும் முன்னாலேயே. அப்புறம் ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்துக்கொண்டு, ஆள் மாறி ஆள் மாறி வந்திருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்ததும் எங்கள் ஹெல்த் விசிட்டரிடம் பேசினேன். அவர் அக்கா வீட்டுக்கே போய் விசாரித்திருந்தார். அக்காவின் கொழுந்தன் கொட்டாரக்கரையில் ஹோட்டல் வேலை, அங்கேயே இரண்டு தடவை டிபி மருந்து எடுத்தவர், தேறாமல் ஊருக்கு வந்து அண்ணன் வீட்டில் மூன்று மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சாரல் காலம், ஜன்னல் அடைத்த ஒற்றை அறை. பார்த்துக்கொண்டது அக்காதான். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் கேட்டது வேறு கேள்வி.

அதற்குப் பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் வாசிக்க ஆரம்பித்தேன். நம் ஊர்க் கிருமிக்கு என்று ஒரு வம்சமே இருக்கிறது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் அதிகம் இருப்பது லீனியேஜ் 1 என்கிற பழைய கிளை, வடக்கே போனால் லீனியேஜ் 3 அதிகம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி மையம், டிபிக்கு சானடோரியத்தில் படுக்கத் தேவையில்லை, வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டிய அதே இடம். அங்கே வந்த நோயாளிகளின் கிருமிகளைக் கினிப்பன்றிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பிரிட்டிஷ் கிருமிகளைவிட இவற்றில் பலவற்றுக்கு வீரியம் குறைவாக இருந்தது. 1960-லேயே எழுதிவிட்டார்கள். மரபணுவில் எங்கே வித்தியாசம் என்று தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. டிபி கிருமிகளைப் பிரித்து அறிய உலகமே ஐஎஸ் 6110 என்கிற மரபணுத் துண்டு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் ஊர்க் கிருமிகளில் நிறைய அது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. வெளியூரில் செய்த அளவுகோல் இங்கே அளக்கவில்லை.

என் மெஷினுக்கும் அந்தக் குறை உண்டு. எஸ்வாட்டினி நாட்டில் 2009-ல் எடுத்த கணக்கெடுப்பில், பல மருந்துக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 30 சதவீதத்துக்கு எழுத்து மாறியிருந்தது அந்த 81-க்கு வெளியே. ஐந்து கோடும் அழகாக எழும்பும், மருந்து கேட்கும் என்று ரிசல்ட் வரும், மருந்து கேட்காது. அதனால் ஐந்து கோடு எழும்பியும் ஆள் தேறவில்லை என்றால் நான் சும்மா இருப்பதில்லை, டாக்டரிடம் போய்க் கல்ச்சர் அனுப்பச் சொல்லி நிற்பேன். இப்போது உலக சுகாதார நிறுவனமே எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து கேட்காது என்று பட்டியல் போடுகிறது, 2021-ல் 38,000-க்கு மேற்பட்ட கிருமிகளை வைத்து, 2023-ல் 52,000-க்கு மேல். இந்தப் பட்டியலில் நம் ஊர்க் கோழையும் நிறையச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். ஐந்தாவது கோடு கிடந்தால் முதலில் கேட்பது, "வீட்ல, வேல பாத்த இடத்துல யாருக்காவது இருமல் இருந்துதா, யாரையாவது பாத்துக்கிட்டீங்களா?" அதையும் ஓரமாகக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான். மாத்திரை பற்றிக் கடைசியில் கேட்பேன். பதில் அதிகம் கிடைக்கிறது.

அக்காவுக்குச் சிகிச்சை நடந்தது இன்னும் ஊசி இருந்த காலத்தில். மாதக்கணக்காகத் தினமும் ஊசி, காதில் இரைச்சல், வாந்தி. ஒரு நாளும் விடவில்லை. 2020-ல் கடைசி ஃபாலோ-அப்புக்குக் கப்போடு வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும் சார்" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எங் கொழுந்தனுக்கு வந்த அதே கிருமிதானா எனக்கும் வந்தது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். டிபி கிருமி மெதுவாகத்தான் மாறும், இரண்டு வருஷத்துக்கு ஒரு எழுத்து என்ற அளவில். இரண்டு பேர் கிருமியையும் முழுசாக வாசித்து ஒப்பிட்டால் ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் இருந்தால் சமீபத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கலாம், பன்னிரண்டைத் தாண்டினால் அப்படி இல்லை என்று பிரிட்டனில் 2013-ல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். "உங்க கோழைய கல்ச்சருக்கு அனுப்பியிருக்கோம்க்கா. ஒப்பிட்டுப் பாக்க அவரோடது வேணும்."

அவர் கப்பை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார், "சிரட்டையில சாம்பலப் போட்டு அவர் தலமாட்டுல வச்சிருப்பேன் சார். தெனமும் காலைல நான்தான் எடுத்துட்டுப் போயி முருங்க மூட்டுல குழி தோண்டிக் கொட்டுவேன்."