300 ரூபாயும் பாண்டிச்சேரியும்

"கடலூரிலிருந்து பாண்டிக்கு டூரா?" என்று அம்மா சிரித்தார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய்த் திரும்பியதைத் தவிர நான் அந்த ஊரை நின்று பார்த்ததே இல்லை. அக்கா மகளுக்கு லீவு. இருவருக்கும் சேர்த்து 300 ரூபாய், வீட்டிலிருந்தே புளிசாதம், இரண்டு பாட்டில் தண்ணீர்.

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்ததுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடுரோட்டில் ராஜா மாதிரி நடந்தோம்.

பத்து மணிக்கெல்லாம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. பாரதி பூங்கா மரத்தடியில் ஒதுங்கினோம். நடுவே வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட ராஜா, விஷயம் தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதையைக் கேட்ட அக்கா மகள், "தப்பா கும்பிட்டது அவரு, வீடு போனது இவங்களுக்கா மாமா?" என்றாள். புளிசாதத்தை எடுத்து நீட்டினேன்.

அப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட். பேரம் பேசி 60 ரூபாய்க்கு வாங்கிய தொப்பியின் சாயம் வியர்வையில் நெற்றியில் இறங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் 150 கேட்டார்கள். நடந்தே போனோம், நீல நெற்றியோடு.

மீதி 35 ரூபாய். அவளே வைத்துக்கொண்டாள்.