இரண்டு மணி நேரம், ஒரு கல்

சியாட்டிலில் இருந்து வான்கூவருக்கு 230 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பினால், பிளெய்ன் எல்லைச் சாவடியில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சர்ரேயில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புட்டையும் மீன்குழம்பையும் எடுத்து வைத்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். இந்த அக்டோபரில் நான் போய் இறங்கியபோது மட்டும் வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"தம்பி, உதை ஏன் கொண்டு வந்தனீர்?"

காரின் பின்னால் மாட்டியிருந்த என் சைக்கிளைத்தான் சொன்னார்.

"மலைக்குப் போறோம்னு சொன்னீங்களேண்ணே?"

"போறம். ஆனா ஓட்டம் இல்லை, வேலை. போன சித்திரையில நீர் செய்த பாவத்துக்கு."

பாவம் உண்மைதான். ஏப்ரலில் ஃப்ரோம் மலையில் சைக்கிளில் இறங்கும்போது தடத்தின் நடுவில் சேறும் தண்ணீருமாக ஒரு பள்ளம். எனக்கு முன்னால் போனவர் ஓரமாக ஒதுங்கிப் பாசியின் மேல் ஏறிப் போனார். நானும் அப்படியே போனேன். பின்னால் வந்த நண்பர் மட்டும் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, முகமெல்லாம் சேறோடு வெளியே வந்தார். அவர் திட்டியது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு தரம் ஒதுங்கிப் போனால் ஓரமும் செத்துப்போகும், அடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார், ஒற்றையடிப் பாதை ஒரு பருவத்திலேயே மாட்டுவண்டித் தடம் ஆகிவிடும்.

வான்கூவரில் இருந்து கடற்கழியைத் தாண்டினால் நார்த் ஷோர். சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள். மலை சைக்கிள்காரர்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டாலே கால் பரபரக்கும். தொண்ணூறுகளில் தேவதாரு மரத்தைப் பிளந்து ஏணி போலப் பலகை அடித்து, சேற்றுக்கும் விழுந்த மரங்களுக்கும் மேலே பாலம் கட்டி ஓட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வீடியோவில் பார்ப்பதற்குச் சாகசமாக இருக்கும். கீழே கால் வைக்க முடியாத ஈரம், அதனால் பலகை என்று இங்கே வந்து பார்த்த பிறகுதான் தெரிகிறது. அந்தப் பலகைகளில் பலதும் உளுத்துப் போய்விட்டன. இப்போது பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான். தடங்களைப் பராமரிக்க 1997-இல் நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷன் தொடங்கினார்கள். 'நோ டிக், நோ ரைட்' என்று அவர்கள் பக்கத்து வாசகம் ஒன்று உண்டு. மண்வெட்டி பிடிக்காதவனுக்குச் சைக்கிள் எதற்கு என்று அர்த்தம். எனக்கு அது முதலில் கொஞ்சம் திமிராகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை மவுண்டன் ஹைவேயின் மேல் முனையில் பதினைந்து பேர் கூடினோம். பெயர்தான் ஹைவே, கேட்டைத் தாண்டினால் மரம் வெட்டியவர்கள் போட்ட பழைய மண்சாலை. இரண்டு பக்கமும் பழைய அடிமரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அகலம். ஆள் உயரத்தில் விளக்கு மாடம் போலச் சதுரமாக ஒரு குழி வெட்டியிருக்கும். அதில் பலகையைச் செருகி, அதன்மேல் நின்றுகொண்டு ரம்பம் இழுத்திருக்கிறார்கள். வெட்டியவர்கள் போய் நூறு வருடம் ஆகப்போகிறது. மாடம் அப்படியே இருக்கிறது, உள்ளே புதிதாக ஒரு செடி முளைத்திருக்கிறது.

எங்கள் குழுத் தலைவிக்கு அறுபது வயது இருக்கும். கருவிகளைப் பிரித்துக் கொடுத்தார். கடப்பாரை, மண்வெட்டி, குந்தாலி எல்லாம் நமக்குப் பழக்கமானவை. மெக்லவுட் மட்டும் புதிது. ஒரு பக்கம் தடித்த பற்கள், மறுபக்கம் வெட்டுவதற்கு அகன்ற அலகு. 1905-இல் அமெரிக்க வன ரேஞ்சர் ஒருவர் காட்டுத்தீ வேலைக்காகச் செய்தது. நிமிர்த்தி வைத்தால் தானாகவே நிற்கும்.

வேலை செய்த இடத்தைப் பார்த்ததும் பகீரென்றது. முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால். தடம் என்றே சொல்ல முடியாது. வேர்கள் எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. சைக்கிள்தான் இப்படித் தோண்டிவிட்டது என்று நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை என்றார் தலைவி. பிரேக் பிடித்துச் சறுக்கும் டயர், நடுவில் ஒரு விரல்கடை ஆழத்துக்குக் குழி போடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழை பார்த்துக்கொள்ளும். இந்த மலைகளில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400. அதுவும் நம் ஊர் மாதிரி அடித்துக் கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை, அக்டோபரில் தொடங்கினால் மார்ச் வரைக்கும் நசநசவென்று விடாது. பழைய தடங்களை மலைச்சரிவில் நேர்கீழாக இறக்கிவிட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு அதைவிடச் சௌகரியமான வழி ஏது? சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதில் பாதிக்கு மேல் தடம் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு வழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் ஓட்டி ஓட்டியே உண்டானவை இவை.

நண்பரும் இன்னும் நாலு பேரும் மேலே மடை திறக்கப் போனார்கள். தடத்தின் வெளி ஓரத்தில் வரப்பு மாதிரி மண் ஏறியிருக்கும், அதை வெட்டி எடுத்தால் தண்ணீர் பக்கவாட்டில் காட்டுக்குள் இறங்கிவிடும். தடத்தையே கொஞ்சம் இறக்கி ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது, அந்த மேட்டைத் தண்ணீர் தாண்டாது. தேனிப் பக்கம் அப்பாவோடு வயலுக்கு மடை மாற்றியவன் நான். அங்கே தண்ணீர் உள்ளே வர வெட்டுவோம், இங்கே வெளியே போக.

எனக்குக் கிடைத்தது கல். வாய்க்காலின் செங்குத்தான துண்டுக்குக் கல் பாவ வேண்டும். காட்டுக்குள் இருந்து ஒரு கல்லைக் கயிற்று வலையில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தோம். தட்டையான அழகான முகம். அதை மேலே பார்க்கப் படுக்க வைக்கப் போனேன்.

"படுக்க வைக்காதீங்க. நிற்க வைங்க" என்றார் தலைவி.

படுத்த கல் டயர் பட்டால் ஆடும், ஆடினால் அடியில் தண்ணீர் நுழையும், நுழைந்தால் கல் போய்விடும். ஆகவே நீளவாக்கில் நிமிர்த்தி, பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மேலே தெரிவது ஒரு கையகலம்தான். குழி தோண்டினேன். கல் இறங்கவில்லை. வெளியே எடுத்து இன்னும் தோண்டினேன். இறங்கியது, ஆனால் இடப்பக்கம் சாய்ந்தது. கடப்பாரையால் நெம்பி, சில்லுக் கல்லைச் சொருகி, சுத்தியலால் இறுக்கினேன். தலைவி அதன்மேல் ஏறி நின்று இடுப்பை இரண்டு ஆட்டு ஆட்டினார். லேசாக ஒரு 'டொக்'.

"எடுங்க."

மறுபடியும் எடுத்தேன். மூன்றாவது தரம்தான் சத்தம் வரவில்லை. மணி பார்த்தேன். கல்லைத் தூக்கி வந்ததில் இருந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மதியத்துக்கு மேல் மண் சுமக்கிற வேலை. காட்டின் மேல்மண் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். உளுத்த மரமும் இலையும்தான், தடத்தில் போட்டால் ஒரே வாரத்தில் கூழ். அதை ஒதுக்கிவிட்டு ஆழமாகப் போனால் துருவும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு மண் வரும். 'கோல்ட்' என்கிறார்கள். அது வந்ததும் ஆளாளுக்கு முகம் மலர்ந்ததைப் பார்த்தால், தங்கமே கிடைத்துவிட்டதோ என்று தோன்றும். இருபது லிட்டர் வாளியில் பாதிதான் நிரப்ப வேண்டும். நான் வீரத்தில் முழுதாக நிரப்பி, பத்தடி நடந்து, பாதியைக் கொட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருமே ஒருநாள் கொட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. மண் எடுத்த குழியை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, உளுத்த கட்டையும் கிளையும் போட்டு மூட வேண்டும்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கப் போவார்கள் என்று பார்த்தால், எல்லாரும் கருவியைப் போட்டுவிட்டுத் தடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மேலே இருந்து பழுப்பாக ஒரு கோடு வந்தது. நண்பர் வெட்டிய முதல் மடையில் நின்று யோசித்து, பக்கமாகத் திரும்பிப் புதருக்குள் போனது. இரண்டாவது மடை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு நேரே என் கல்லுக்கு வந்தது. நண்பர் மண்வெட்டியோடு ஓடினார். "விடமாட்டன், நில்லு" என்று தண்ணீரிடம் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசினார்.

ஞாயிறு காலை ஓட்டலாம் என்று எழுந்தேன். பிரேக் லீவரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. புட்டைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, ஷூவில் இருந்த மண்ணைப் பின்வாசலில் குழாய் போட்டுக் கழுவினேன். ஒட்டியிருந்த தங்கமெல்லாம் சாக்கடையில் போனது.

பிளெய்னில் அமெரிக்க அதிகாரி கனடாவில் என்ன செய்தேன் என்று கேட்டார். சைக்கிள் தடத்துக்குக் கல் நட்டேன் என்றேன்.

"வேலையா? காசு கொடுத்தார்களா?"

"பீட்சா கொடுத்தார்கள்."

அவர் எட்டிப் பின்னால் பார்த்தார். ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது சைக்கிள்.

"இதை எதுக்குக் கொண்டு போனீங்க?"