நாலு வினாடி முந்தானை

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கிற ஸ்டாப்-மோஷன் படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். நேற்று விடியற்காலை 3.20 மணிக்கு ஒரு காட்சியின் 48-ஆவது படத்தை எடுத்தேன். எடுத்த கையோடு ஓடவிட்டுப் பார்த்தேன். அம்மா பொம்மை முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தைத் துடைக்கிறாள், துடைத்து முடித்ததும் நுனியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். படத்துக்குப் படம் துணி தானாக நடுங்குகிற நெளிவே இல்லை. வினாடிக்கு 12 படம், மொத்தம் நாலு வினாடி. ஏழு முறை கெட்டு எட்டாவது முறை அமைந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆத்தாவை (அம்மாவை) எழுப்பிக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். "அப்பத்தா கைதான் இது" என்றார், அப்பாவின் அம்மாவைச் சொல்கிறார். அதற்குமேல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதே ஏறாத ஒரு பெண், தான் பெறாத பிள்ளை ஒன்றை வளர்க்கிறாள். பிள்ளைக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது. செட்டிநாட்டில் இருக்கிற எங்கள் பள்ளத்தூர் வீடு மாதிரி ஒரு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டில், எல்லாம் நடக்கிறது. இந்த வழியில் யோசிக்கவைத்தது மாரி ஒகாடாவின் 'மாக்கியா' என்ற அனிமேஷன் படம். ஜப்பானில் 2018-ல் வந்தது, அதுவரை திரைக்கதை எழுதிவந்தவர் இயக்கிய முதல் படம். நூற்றாண்டுகள் வாழ்ந்தாலும் தோற்றத்தில் பதின்ம வயதிலேயே நின்றுவிடும் ஒரு குலம், அன்றாடம் நடப்பதைத் துணியில் நெய்து வைக்கிறது. அந்தக் குலத்துப் பெண் ஒருத்தி, இறந்துபோன தாயின் கைக்குள் கிடக்கும் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். பையன் அவளைவிடப் பெரியவனாக வளர்ந்து நிற்கும் இடத்தில் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் அப்பச்சி (அப்பா) சுவீகாரம், அதாவது தத்து, வந்தவர். அப்பத்தாவுக்கு 21 வயதில் ஐயா (தாத்தா) தவறிவிட்டார். வீடு விளங்க வேண்டும் என்று மூன்று வயதுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார்கள். அன்றிலிருந்து அப்பத்தாவுக்கு வெள்ளைச் சேலைதான். அதற்கு முன்னால் எடுத்த ஒரே ஒரு படம் இரண்டாம் கட்டில் மாட்டியிருக்கிறது. அதில் கண்டாங்கி, காரைக்குடிப் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலை, கட்டியிருக்கிறார். என்ன நிறம் என்று சின்ன வயதில் கேட்டேன். "மஞ்சள்ல கறுப்புக் கட்டம், அரக்குக் கரை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்தன்று அப்பத்தா முன்னால் வரவில்லை, பத்தியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கலச நீர் ஊற்றி முடிந்ததும் அப்பச்சி சொட்டச் சொட்ட நேராக அங்கே போனார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் முந்தானையை இழுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்பச்சிக்கு 60, அப்பத்தாவுக்கு 78. நான் படம் எடுப்பதே இதற்காகத்தான். என் பொம்மை 21 வயதிலேயே நிற்கட்டும், கண்டாங்கியே கட்டட்டும் என்று முடிவு செய்தேன்.

சரி, துணிக்கு வருகிறேன்.

பொம்மை 25 செ.மீ. உயரம், அதாவது ஆறில் ஒரு பங்கு. உண்மையான கண்டாங்கியை வெட்டிக் கட்டினால் அதன் கட்டங்கள் பொம்மை மேல் ஜன்னல் கம்பி மாதிரித் தெரிகின்றன. அதனால் மல் துணி வாங்கி மஞ்சளில் தோய்த்து, 4 மி.மீ. கட்டங்களைத் துணிப் பேனாவால் கோடு போட்டேன். 84 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம். ஒரு சேலைக்கு மூன்று நாள். இதுவரை ஐந்து சேலை போட்டிருக்கிறேன்.

வெறும் துணி, விட்ட இடத்தில் நிற்காது. உயர்த்திப் பிடித்தால் அடுத்த படத்துக்குள் விழுந்துவிடும். கஞ்சி போட்டேன், நின்றது. ஆனால் ஒருமுறை விழுந்த மடிப்பு வெள்ளைக் கோடாகத் தங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் கரப்பான் கரையைக் கடித்து வைத்திருக்கிறது. சோற்றுக் கஞ்சி போட்ட துணியை இரவில் வெளியே வைக்கவே கூடாது, எவர்சில்வர் டப்பாவில் பூட்டி வையுங்கள். அடுத்து, இரண்டு மல் துணிக்கு நடுவே அலுமினியத் தாளை ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். பலரும் சொல்லும் வழி அது. பாவாடை, போர்வை போன்றவற்றுக்குச் சரிப்படலாம். முந்தானைக்கு ஆகாது. கசங்கியது கசங்கியதுதான், துணி போல மடியாமல் தகடு போல மடிகிறது.

பிறகு மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் மெல்லிய செம்புக் கம்பி வாங்கிக் கரையோரம் தைத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. 31-ஆவது படத்தில் பட்டென்று முறிந்தது. மறுபடி தைத்து எடுத்தால் 27-இல் முறிந்தது. செம்பை மடக்க மடக்க இறுகிக்கொண்டே போகும், கடைசியில் ஒடியும். முகம் துடைக்கிற அசைவில் அதே இடத்தைத்தான் திரும்பத் திரும்ப மடக்குகிறோம், எப்படித் தாங்கும்?

வழி காட்டியது காரைக்குடியில் ரேடியோ பழுது பார்க்கிற ஒரு பெரியவரின் மேஜை. பற்றவைக்கிற ஈயக் கம்பியை, சால்டரிங் லெட் என்பார்களே, அதைப் பேசிக்கொண்டே விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை வளைத்தாலும் அது இறுகவில்லை. வெள்ளீயமும் காரீயமும் சாதாரண அறைச் சூட்டிலேயே தம்மைச் சரிப்படுத்திக்கொள்கிற உலோகங்கள், அதனால் வளைத்தால் கடினமாவதில்லை. கையை எடுத்ததும் திரும்பித் துள்ளுவதும் இல்லை. அரை மி.மீ. கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தேன். காரீயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகள் எடுக்காத இடத்தில் வைக்க வேண்டும். நான் துணிக்குள் வைத்து முழுதாகத் தைத்து மூடிவிட்டேன்.

அதிலும் ஒரு தொல்லை. ஈயம் கனம். உயர்த்தி வைத்த முந்தானை ஐந்து நிமிடத்தில் தன் பாரத்தாலேயே 2 மி.மீ. தாழ்ந்துவிடுகிறது. நானோ ஒரு படத்துக்கு ஆறு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். ஓடவிட்டால் முந்தானை மூச்சுவிடுவது போல ஏறி இறங்கியது. இரண்டு டேக் இதில் போயிற்று. கடைசியில் கரை இரண்டிலும் நீளவாக்கில் 0.8 மி.மீ. அலுமினியக் கம்பி, அகலவாக்கில் இரண்டரை செ.மீ.க்கு ஒன்றாக ஒன்பது ஈயக் கம்பி. பாரத்தை அலுமினியம் தாங்குகிறது, மடிப்பை ஈயம் பார்த்துக்கொள்கிறது. நீளவாக்கில் வளைவு மெதுவாகத்தான் இருக்கிறது, அதனால் அலுமினியம் ஒடியவில்லை. கம்பி வைப்பது கடைசி 22 செ.மீ.க்கு மட்டும், மீதிச் சேலை வெறும் துணி. தையல் முழுக்க ஆத்தா போட்டது. மணிவேலை செய்து பழகிய கை, வெளியே ஒரு இழை தெரியவில்லை. கரைக்கு அரக்கு நிறத் துணிப் பெயிண்ட் இரண்டு பூச்சு கொடுத்தது கூடுதல் விறைப்புக்கும் உதவியது.

துணியை விரலால் தொடவே தொடாதீர்கள். இடுக்கியால் இரண்டே இடத்தில் பிடிக்கிறேன், மடிப்பைச் சரி செய்ய உலர்ந்த வாட்டர் கலர் பிரஷ். நெளிவு நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

துணி சரியான பிறகும் ஏழாவது டேக் உயிரில்லாமல் இருந்தது. கை போகிறது, துடைக்கிறது, வருகிறது, மேஜை துடைப்பது போல. அப்புறம்தான் ஆத்தாவைக் கூப்பிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முகம் துடைக்கச் சொல்லி போனில் பிடித்தேன். ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். முந்தானை வருவதற்கு முன்பே இடது கை குழந்தையின் பிடரிக்குப் போய்விடுகிறது. துணி படுவதற்கு முன்பே குழந்தை கண்ணை இறுக்கி மூடிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கை விடாமல் பின்னாலேயே போகிறது. முதலில் நெற்றி, பிறகு கண்ணோரம், கடைசியாக வாயின் ஓரத்தில் ஒரு அழுத்து. வாயிடம் வரும்போது துணி விரலில் சுற்றியிருக்கிறது. அப்பத்தாவும் அப்படித்தான் சுற்றிக்கொள்வார், ஆட்காட்டி விரலில் இரண்டு சுற்று. துணி தொடுவதற்கு இரண்டு படம் முன்னால் குழந்தை பொம்மையின் இமையை மூடினேன். அவ்வளவுதான், மரக்கட்டை முகத்துக்கு உயிர் வந்துவிட்டது.

இடம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரட்டை வீடு என்று நாங்கள் சொல்கிற, ஒன்றையடுத்து ஒன்றாக உள்ள இரண்டு அறைகளில் உள்ளறை. ஜன்னலே கிடையாது, சாமான் வைக்கிற அறை. வளவில் முற்றத்து வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அங்கே எடுத்தால் நிழல் ஓடும். உள்ளறையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் உட்காருகிறேன். வெளிச்சம் மங்காமல் இருக்க விளக்கு இரண்டையும் பேட்டரியில்தான் எரிக்கிறேன். போனில் வெளிச்சம், நிறம், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும், ஒன்றை மறந்தாலும் படம் மினுக்கும். மின்விசிறி போட முடியாது. வேர்வை செட்டில் விழாமல் இருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொள்கிறேன்.

செட்டின் தரைக்கு ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டில் கையால் செய்கிற சிமென்ட் டைல். அச்சடித்து ஒட்டினால் பளபளப்பு பொய்யாகத் தெரிகிறது. அதனால் அங்கே செய்கிற முறையிலேயே செய்து பார்த்தேன். கண்ணாடித் துண்டின் மேல் தகர அச்சு வைத்து, கட்டங்களில் நிறச் சிமென்ட் பால் ஊற்றி, அச்சை எடுத்து, உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, மேலே கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்தல். நாலேகால் செ.மீ. கல். முதல் இருபதில் மூன்றுதான் உருப்படி. ஆனால் கண்ணாடியிலிருந்து கழன்று வந்த அந்த மூன்றின் மினுமினுப்பைப் பார்த்தால் மீதியையும் செய்தே தீர வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு 96 கல் வேண்டும். தகர அச்சை இன்னும் மெல்லியதாக வெட்டித் தரும் ஆள் காரைக்குடியில் கிடைத்திருக்கிறார்.

சொப்புச் சாமான் தேடி காரைக்குடியில் பழம்பொருள் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நாலு முறை போய்விட்டேன். பழைய பித்தளைச் சொப்பு இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. குடம் பொம்மைக்குச் சரியாக இருந்தால் அண்டா குடத்தைவிடச் சின்னதாக இருக்கும். அளவுகோல் எடுத்துக்கொண்டு போங்கள். இணையத்தில் ஒரு கடையில் பொம்மை மூட்டுகள் வரவழைத்தேன், பாதி இறுகவே இல்லை, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். இப்போது கம்பியை இரட்டையாக முறுக்கி எம்-சீல் வைத்து நானே செய்துகொள்கிறேன், அது நன்றாகவே நிற்கிறது.

கண்டாங்கி நெய்கிற ஒருவரிடமும் பேசினேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, அதைப் பேனாவால் வரைந்து ஒப்பேற்றுவது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நைஸ் நூலில், ஒரு சாண் அகலத்தில், கட்டத்தைச் சுருக்கி ஒன்றரை மீட்டர் நெய்து தர முடியுமா என்று கேட்டேன். என் போனில் இருந்த நாலு வினாடியைப் பார்த்தார். தறியில் ஏற்றியிருக்கிற பாவு (நீள இழை) முடியட்டும், தை மாதம் வாருங்கள் என்றார். முந்தானையில் ஈயக் கம்பி நுழைய ஊடையில் (குறுக்கு இழையில்) இடைவெளி விட்டே நெய்யலாம் என்று அவரே சொன்னார். அது நடந்தால் தையலே தேவைப்படாது.

அதற்குள் மகன் பொம்மைகளை முடிக்க வேண்டும். மூன்று வயது முடிந்தது. பத்து வயதுக்குத் தலை மட்டும் ஆகியிருக்கிறது. இருபத்தொன்று, நாற்பது, அறுபது மூன்றும் இன்னும் கம்பியாகவே நிற்கின்றன. அறுபதுக்கு 28 செ.மீ. உயரம் போட்டிருக்கிறேன், அம்மாவைவிட 3 செ.மீ. கூடுதல். அந்தக் காட்சியில் அவன் குனிய வேண்டும், இவள் எம்பக் கூடாது. அப்பச்சி அன்றைக்குக் குனிந்துதான் நின்றார். பிடரிக்கு இடது கை போகிற அசைவை இன்றைக்கு ராத்திரி வெறும் கம்பிப் பொம்மையை வைத்தே எடுத்துப் பார்க்கப் போகிறேன்.